இரு கரையிலும் அவிழ்த்த கயிறு

"இது ஏணியா?" என்று கேட்டான் குருமண்வெளித் துறையில் நின்ற சிப்பாய்.

முழ நீளம். சிவப்புக் கயிறு ஒன்று, நீலக் கயிறு ஒன்று, இடையிடையே ஈர்க்குத் துண்டுகள். இதில் பல்லிதான் ஏறலாம்.

"பாடத்துக்குச் செய்தது. டிஎன்ஏ," என்றேன்.

அவன் முகம் மாறியது. தமிழன் வாயில் மூன்று இங்கிலிஷ் எழுத்து வந்தால் அது ஓர் இயக்கத்தின் பெயர் என்பது அவர்களுடைய முதல் பாடம்.

களுவாஞ்சிக்குடியில் படிப்பிக்கும் நான், சனிக்கிழமைகளில் வாவியைக் கடந்து வெல்லாவெளிக்குப் போய் ஆறு பிள்ளைகளுக்கு உயர்தர உயிரியல் சொல்லிக்கொடுத்தேன். இக்கரை இராணுவத்திடம், அக்கரை இயக்கத்திடம். ஆறு பேரில் சீதேவி மருத்துவ பீடத்துக்குப் போவாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். பரீட்சைக்கு இன்னும் இருபது நாள். போன கிழமை அவள் ஒரேயொரு இடத்தில் தடுக்கி நின்றாள்: ஹெலிக்கேஸ்.

பற்றீரியாவுக்குள் முறுக்கிக் கிடக்கும் இரட்டை இழையை அவிழ்க்கும் நொதியம் அது. பற்றீரியாவைத் தாக்கும் வைரசும் தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவரும்; இல்லாவிட்டால் பற்றீரியாவினதையே பறித்துக்கொள்ளும். இழையிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை.

"வாயால சொன்னாக் காணாது சேர், கண்ணால காட்டுங்க," என்றாள்.

அதற்காகத்தான் இந்த ஏணி. மின்கம்பியை அக்கரைக்குக் கொண்டுபோகத் தடை, அதனால் கயிறு. ஒவ்வொரு படியும் இரண்டு ஈர்க்குத் துண்டு, நடுவே பொருத்த சைக்கிள் வால்வு ரப்பர். இழுத்தால் கழலும். ஒரு முனையிலிருந்து படிப்படியாகக் கழற்றிப் பாதியில் நிறுத்தினால் Y எழுத்துப் போலக் கவை விழும். பரீட்சைக்கு அந்தக் கவைதான் வேண்டும்.

சிப்பாய்க்கு அந்தப் பொறுமை இல்லை. அரசாங்க நொதியமல்லவா. இரண்டு கயிற்றையும் பிய்த்து, ஈர்க்குகளை மணலில் கொட்டி, காலால் கிளறிப் பார்த்து, "போ மாஸ்டர்," என்றான். இரண்டு நாள் வேலை. கை மணலில் துண்டுகளைப் பொறுக்கியது. வாய் நன்றி சொன்னது.

தோணியில் குந்தியிருந்து மறுபடி கட்டினேன். எதிரே மீன் கூடையோடு இருந்த அன்னப்பூரணி ஒரு முனையைப் பிடித்து முறுக்கித் தந்தாள். இடப்பக்கமாக முறுக்கினாள். இயற்கை வலப்பக்கம் முறுக்கும் என்று திருத்தினேன்.

"வெல்லாவெளிப் பக்கம் இயக்கத்துக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேக்கிறாங்களாம், மாஸ்டர்."

"படிக்கிற பிள்ளையளத் தொடமாட்டாங்க," என்றேன்.

அவள் என்னைப் பழுதான மீனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அக்கரையிலும் காவலரண். மறுபடி சோதனை.

"ஆமி விட்ட சாமானெண்டா உள்ளுக்கு என்னமோ இருக்கு. அவிழ்த்துப் பாருங்க," என்று உள்ளே இருந்தவன் கட்டளையிட்டான். இராணுவம் பறித்தாலும் சந்தேகம், பறிக்காவிட்டாலும் சந்தேகம்.

காவலில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. இரண்டு கரைக்கும் பொதுவாக இருந்த ஒரே சட்டம் அதுதான். நான் நீண்டு வந்த கைகளைப் பார்த்தேன். இரண்டாவது நொதியமும் வந்துவிட்டது என்று மனதுக்குள் திட்டினேன்.

அந்தக் கைகள் பிய்க்கவில்லை.

ஒரு முனையைப் பிடித்து முதல் ஈர்க்கைக் கழற்றின. அடுத்ததை. அதற்கடுத்ததை. முறுக்கு அவிழ அவிழ, பின்னால் சிவப்பும் நீலமும் தனித்தனியே தொங்கின. ஒரு துண்டுகூடக் கீழே விழவில்லை. சரி பாதியில் கைகள் நின்றன.

கவை விழுந்திருந்தது.

"இப்ப விளங்குது, சேர்."

நிமிர்ந்தேன். தொப்பிக்குக் கீழே தலைமயிர் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது.

சீதேவி அதை அப்படியே என் கையில் தந்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற அன்னப்பூரணியைப் பார்த்து, "அடுத்த ஆள் வாங்க," என்றாள்.