சனிக்கிழமை வரைக்கும்

போர்மேன் முன்னால் நான்கு தாள்கள். புதன், வியாழன், வெள்ளி, சனி.

நான்கிலும் லைன்மேன் பேச்சிமுத்துவின் கையெழுத்து.

பேச்சிமுத்து கம்பத்தில் செத்தது அந்தப் புதன்கிழமை.

கம்பத்தடியில் நின்று, சுற்றிலும் பார்த்து, ஏறுமுன் நிரப்ப வேண்டிய பாதுகாப்புத் தாள் அது. யார் நின்றார்கள்? யாரும் இல்லை. திங்கள் காலையிலேயே போர்மேனே ஆறு நாளைக்கும் சேர்த்து டிக் அடித்துவிடுவார். கீழே ஆட்கள் மளமளவென்று கையெழுத்துப் போடுவார்கள். டீ ஆறுவதற்குள் வாரம் முடிந்துவிடும்.

‘அருகில் ஜெனரேட்டர் உள்ளதா?’

‘இல்லை’ என்று அடித்திருந்தார்.

திங்கட்கிழமை கல்யாண மண்டபம் பூட்டித்தான் கிடந்தது. வாஸ்தவம். புதன்கிழமை முகூர்த்தம். கம்பத்து வேலைக்காகக் கரண்டை நிறுத்தியதும் மண்டபத்து ஆள் மெயின் சுவிட்சை இறக்காமல் ஜெனரேட்டரைப் போட்டான். அணைத்து வைத்த கம்பியில் மின்சாரம் திரும்பி ஏறியது.

ஆபீஸ் காலண்டரில் கொட்டை எழுத்தில் இருந்தது, முகூர்த்த நாள் என்று. நாசமாய்ப் போக, ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நாளை விசாரணை.

“புதன்கிழமைத் தாள் போதும் சார். மத்த மூணையும் கிழிச்சிப் போடுங்க” என்று கிளார்க் சொல்லிவிட்டுப் போனார்.

கிழித்தால் தீர்ந்தது. பேச்சிமுத்து பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டான், தப்பு அவன்மேல் என்றாகிவிடும். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. போர்மேனுக்கு ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம்.

வாசலில் மாரிக்கனி. பேச்சிமுத்துவின் மனைவி. பதினாறு கழிந்து, அவன் தூக்குச்சட்டியை வாங்கிப்போக வந்திருந்தாள்.

“அண்ணாச்சி, பாக்காம ஏறிட்டாருன்னு ஊரே பேசுது. அவரு தப்புதானா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது, பாவி. அவள் முகத்தைப் பார்த்தார்.

தாள்களை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் விரல் வைத்து ஒவ்வொரு கிழமையாக வாசித்தாள். கடைசித் தாளில் விரல் நின்றது.

“சனிக்கிழமை வரைக்கும் இருந்திருக்காரே, அண்ணாச்சி.”

அவள் போன பிறகு வெகுநேரம் அழுதார்.

நான்கையும் சேர்த்துக் குண்டூசி குத்தினார். மேலே ஒரு வெள்ளைத்தாள் வைத்து, எல்லாவற்றையும் திங்கட்கிழமையே நிரப்பியது தான்தான் என்று எழுதினார்.

முதல் வரியிலிருந்து வாசித்துப் பார்த்தார்.

அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.