பகல் திரை

"மெதுவாப் பேசுங்க. அவர் இப்பதான் கண்ணசந்தார்" என்றாள் விளக்குக் காவலரின் மனைவி, கலங்கரை விளக்கத்தின் கதவை முதுகால் சாத்தியபடி.

கலங்கரை விளக்கங்களைப் பார்வையிடப் புதிதாக வந்த ஆய்வாளர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். ராத்திரி முழுக்க விளக்கோடு விழித்திருப்பவரை மதியத்துக்கு முன் எழுப்பக் கூடாது என்பது அந்த வேலையில் பழைய விதி.

படகோட்டி சாமான் மூட்டையை இறக்கினான். "அண்ணன்கிட்ட பேசியே எத்தனை நாளாச்சு, அண்ணி. நான் வர்றப்பல்லாம் தூக்கம். கும்பகர்ணனுக்கே பாடம் எடுப்பார் போல."

"ராத்திரி குறட்டை விட்டுத் தூங்குற உனக்கு என்ன தெரியும், தம்பி?"

அவளும் சிரித்தாள். தூங்குகிறார் என்றது முழுப் பொய்யும் இல்லை. வடக்குப் பாறைக்குப் பின்னால், மண்ணுக்கடியில் தூங்குகிறார்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் படகுக்காகக் காத்திருக்கவில்லை. அவளே குழி தோண்டினாள்; அன்று மாலை அவளே படியேறி விளக்கையும் ஏற்றினாள். முன்பிருந்த காவலர்களில் யார் செத்தாலும், பெண்டாட்டியை அடுத்த படகிலேயே கரைக்கு அனுப்பிவிடுவது வழக்கம். வேறு மனித வாடையே இல்லாத அந்தத் தீவில் அவரைத் தனியே விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

"விளக்கு ஒரு நாள்கூடத் தவறினதில்லைன்னு கப்பல்காரங்க சொல்றாங்க. நேர்ல பாராட்டணும்னுதான் வந்தேன்" என்று ஆய்வாளர் உச்சியை அண்ணாந்து பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. விடியலில் விளக்கை அணைத்தவள், அசதியில் மேலறைத் திரையை இழுத்துவிட மறந்திருந்தாள். விளக்கைச் சுற்றியுள்ள அந்தப் பெரிய கண்ணாடி வில்லையில் நேர்வெயில் விழுந்தால் அறையே பற்றிக்கொள்ளும். எந்தக் காவலனும் செய்யாத தப்பு.

"ஒரு நிமிஷம், நான் மேல போயிட்டு..."

"திரைதானே? வரும்போது திறந்து கிடந்ததைப் பார்த்து எனக்கும் பகீர்னு ஆயிடுச்சு" என்றார் ஆய்வாளர்.

அவள் கதவின் நாதாங்கியைப் பிடித்துக்கொண்டாள். இன்றைய படகில் அவளுக்கும் இடம் உண்டு என்று தெரிந்துவிட்டது.

"பதறாதீங்கம்மா. எங்க படகு இங்க வந்து சேர்றதுக்குள்ள அவரே வந்து இழுத்து மூடிட்டார்."