எருக்குக்கு வந்த விருந்தாளி

ஆடுகூட முகர்ந்துவிட்டு ஒதுங்கிப்போகும் எருக்கஞ்செடி அது. அதன் இலையில் ஒரு முட்டை பொரிந்து புழு வந்தது. வந்ததும் இலையைக் கடித்தது.

"கசக்குமே," என்றது எருக்கு.

"பசிக்குதே," என்றது புழு.

பத்து நாளில் பாதிச் செடி காலி. எருக்குக்கு அதில் பெருமைதான். பிறகு புழு ஓர் இலைக்கடியில் கூடாகித் தொங்கியது. அந்த இலையோ பழுத்துவிட்டது.

"நான் உதிரணும்," என்றது இலை.

"இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கோ," என்று காற்றில் இறுக்கிப் பிடித்துக்கொண்டது எருக்கு.

மூன்றாம் நாள் காலையில் வண்ணத்துப்பூச்சி வெளியே வந்தது. சிறகு காய்ந்ததும் சொல்லாமல் பறந்துபோனது. எருக்கு இலையை விட்டது.

ஒரு வாரம் கழித்து வண்ணத்துப்பூச்சி திரும்பி வந்து, தளிரைக் காலால் தொட்டுப் பார்த்தது.

"இப்பவும் கசப்புதான்," என்றது எருக்கு.

"தெரியும். என் பிள்ளைக்கும் அதுதான் வேணும்."