சோப்பு டப்பாவும் எலுமிச்சம்பழமும்

ஏரிக்கரைச் சுண்டெலிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தண்ணீரில் ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். கையில் இருப்பதோ ஒரு பிடி நெல். படகு விற்கும் நண்டை அது காலையிலிருந்து பாடாய்ப் படுத்தியது. கொட்டாங்குச்சியில் ஏறினால் தலை சுற்றியது. பாக்குமட்டை ஒழுகியது. கடைசியில், ஓரம் நசுங்கிய சோப்பு டப்பா ஒன்று விலை படிந்தது.

"காசுக்கேத்த தோசைதான் அண்ணே. ஆனா நாலு பிள்ளைங்க, நீங்க ரெண்டு பேரு, கச்சிதமா இருக்கும்" என்றது நண்டு.

எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள். சுண்டெலிக்கு மறுபடியும் மனசு அடித்துக்கொண்டது.

"புது வண்டி. சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வைக்காம எடுக்கலாமா? ஊர்க்கண்ணு பட்டுடாது?"

"இதுக்கு ஏதுங்க சக்கரம்?" என்றது பெண்டாட்டி எலி.

அதுவும் சரிதான் என்று சுண்டெலி ஓடிப்போய் ஒரு பழத்தை உருட்டி வந்து, டப்பாவுக்குள்ளேயே ஏற்றியது. டப்பா சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது.

"கடைக்குட்டி இறங்கட்டும். அடுத்த தடவை கூட்டிட்டுப் போகலாம்" என்றது சுண்டெலி.

பெண்டாட்டி எலி கடைக்குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு தானும் இறங்கியது. மற்ற மூன்றும் பின்னாலேயே குதித்தன.

"பழத்தைப் பத்திரமா கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

நடு ஏரியில் டப்பா ஜம்மென்று மிதந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று சுண்டெலி திரும்பித் திரும்பிக் கரையைப் பார்த்தது. ஒரு கண்ணுகூட அதன் மேல் படவில்லை.