பிரித்த சிலிண்டர்

"புது மெஷினே சரியில்ல அண்ணி, சாயங்காலம் கடைக்காரர் வந்ததும் திருப்பிக் குடுத்துடுங்க..." "இருடி, ஊசி ஏன் கறுக்குதுன்னு தெரியாம எதையும் திருப்ப மாட்டேன்!" இரண்டு குரலும் பட்டறையின் தகரக் கூரையில் முட்டித் திரும்புகின்றன. டிக் வெல்டிங் பழகும் அண்ணியின் கையில் டார்ச். பொறி கிளம்பும் அதன் டங்ஸ்டன் ஊசி எரிந்த தீக்குச்சியாய் நுனி கருகியிருக்கிறது. எவர்சில்வர் துண்டில் அவள் போட்ட ஒட்டு சாம்பல் பூத்துக் கிடக்கிறது. "இதே கேஸ்லதான் என் இரும்பு கேட்டெல்லாம் வழவழன்னு ஒட்டுது!" என்கிறாள் கம்பியை உருக்கி ஒட்டும் மிக் வெல்டிங்கில் கைதேர்ந்த நாத்தனார். அண்ணியின் பார்வை டார்ச்சின் குழாயைப் பிடித்துக்கொண்டே போய் சிலிண்டரில் நிற்கிறது. "உன் கேஸ்ல கார்பன் டை ஆக்சைடு கலந்திருக்குல்ல? உன் கம்பி உருகிப் போறதுக்குன்னே இருக்கு, தாங்கிக்கும். என் ஊசி உருகாம நிக்கணுமே, அதைத்தான் அரிக்குதோ?" "ஆமா, பெரிய விஞ்ஞானி!" மெஷினோடு வந்த, எதையும் அரிக்காத சுத்த ஆர்கான் கேஸ் சிலிண்டர் மூலையில் நிற்கிறது. ஏற்கெனவே பிரித்த சிலிண்டர் முதலில் தீரட்டும் என்று நாத்தனார்தான் அதை ஒதுக்கி வைத்திருந்தாள். முணுமுணுத்தபடி அவளே உருட்டி வந்து குழாயை மாற்றுகிறாள். அண்ணி ஊசியைப் புதிதாகத் தீட்டி, முகமூடியை இறக்குகிறாள். படபடவென்ற பொறியே இல்லாமல் ஒரு சின்ன நீல வெளிச்சம் அசையாமல் நிற்கிறது. அதன் கீழே உலோகம் கண்ணாடியாய் இளகி, ஆறும்போது வைக்கோல் மஞ்சளில் மினுங்குகிறது. வெளிச்சம் அணைந்த பின்னும் டார்ச் ஊசியின் மேல் மெல்லக் கேஸை மூச்சாய் விட்டுக்கொண்டிருக்கிறது. ஊசி வெள்ளையாகவே இருக்கிறது. நாத்தனார் குனிந்து பார்க்கிறாள், இன்னும் குனிகிறாள், பிறகு ஆணியில் தொங்கும் தன் முகமூடியை எடுக்கிறாள். "கொஞ்சம் நகருங்க அண்ணி, ஒரே ஒரு தடவை நானும் போட்டுப் பாக்கறேன்."