வரிசையில் ஓர் இடம்

"அண்ணாச்சி, அந்த எலும்புக்கூட்டுக்குப் பக்கத்துல என்னைய வரைங்க. கையைப் பிடிச்சாப்ல."

சாரத்தின் மேல் பிரஷும் கையுமாக இருந்த தனசீலன் குனிந்து பார்த்தான்.

பம்பாய்ப் புறநகர் பாண்டுப்பிலிருந்து தினமும் ரயிலேறி வந்து, தாராவியில் ஒரு மாதா கோயில் சுவரில் வரைந்துகொண்டிருந்தான் அவன். அறுநூறு வருஷத்துக்கு முன்னால், கொள்ளைநோயில் சனம் கொத்துக் கொத்தாய்ச் செத்த காலத்தில், ஐரோப்பாவில் கோயில் சுவர்களில் எழுதிய படமாம். ஃபாதர் மொபைலில் காட்டினார். போப்பாண்டவர், ராஜா, வியாபாரி, குடியானவன் எல்லாரையும் எலும்புக்கூடு கைகோத்து, ஆட்டம் போட்டபடி இழுத்துப் போகிறது. நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். அதற்குள் முடித்தாக வேண்டும்.

"முகமெல்லாம் நம்ம ஆளுங்களா இருக்கட்டும்" என்று ஃபாதர் சொன்னதுதான் வம்பாகிவிட்டது. ஒருத்தர் பாக்கியில்லாமல் நழுவிவிட்டார்கள். மளிகைக்கடை ஞானராஜ், "வியாபாரிக்கு எம் மூஞ்சிய வச்சே, அப்புறம் இருக்கு உனக்கு!" என்று மிரட்டிவிட்டே போனார். சாவென்றால் சும்மாவா?

இப்போது இந்தப் பெண், தானாக வந்து நிற்கிறாள்.

"பேரு என்னம்மா?"

"சகாயராணி. எதிர்ச் சந்துலதான் வீடு."

"வெளையாடாதம்மா. சின்ன வயசு. வேணும்னா மாதா பக்கத்துல தேவதையா வரையறேன்."

"தேவதையெல்லாம் வேண்டாம். எனக்கு அந்த இடந்தான் வேணும். திருநாளைக்கு இங்கன வந்து மெழுகுதிரி ஏத்தணும், அதுக்குள்ள வரைஞ்சிருங்க."

அதோடு விட்டாளா?

"இன்னுங் கொஞ்சம் ஒசரமாக்குங்க."

"எலும்புக்கூட்டுக்கு அளவெடுத்துச் சட்டையா தைக்கப் போறோம்?"

"வலது கையி முட்டிக்குக் கீழ லேசா வளையணும் அண்ணாச்சி. முன்பல்லு ஒண்ணையும் எடுத்துருங்க."

எரிச்சல் போய், தனசீலனுக்கு இப்போது பயமே வந்துவிட்டது. சாரத்தைவிட்டு இறங்கினான்.

"ஏம்மா, வீட்டுல சண்டையா? எதுன்னாலும் பேசித் தீத்துக்கலாம். சாவு மேல இவ்வளவு ஆசை ஆகாது. உன்னை அதுகூடக் கைகோத்து நான் வரைய மாட்டேன். நாளைக்கே ஒண்ணு ஆச்சுன்னா எம் மனசு தாங்காது."

"அய்ய, நான் எதுக்குச் சாவேன்? ரெண்டு பிள்ளைய இருக்கு, அதுகள யாரு பாக்கது?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "முடியாதுன்னு சொல்லிராதிய அண்ணாச்சி. மெழுகுதிரி ஏத்த எனக்கு வேற இடமில்ல."

"எல்லாரும் போற மாதிரி கல்லறைக்குப் போய் ஏத்து."

"கல்லறை எங்க இருக்கு? பம்பாயில செத்தவங்களுக்கும் வாடகை வீடுதான். ரெண்டு வருஷம் ஆச்சுன்னா, குழியைத் தோண்டி அடுத்த ஆளுக்குக் குடுத்துருதாவ."

தனசீலன் பிரஷைக் கீழே வைத்தான்.

"போன வாரம் எங்க குழியையும் தோண்டிட்டாவ. பொதுக்குழியில கொட்டுறதுக்கு முன்னால ஒவ்வொரு எலும்பா நாந்தான் தொடைச்சுக் குடுத்தேன்" என்றவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு எப்பிடி இருப்பாருன்னு எனக்குத் தெரியாதா, அண்ணாச்சி?"