ஆயில் மாற்றிய ஸ்பேனர்

போர்ட்டிகோவில் நின்ற ஸ்கூட்டருக்கு அடியில் இரண்டு போல்ட்டுகள் இருந்தன. ஒன்றைக் கழற்றினால் இன்ஜின் ஆயில் வரும், மற்றதைக் கழற்றினால் கியர் ஆயில் வரும். இன்ஜின் ஆயில் மாற்றக் குனிந்த வீட்டுக்காரர் கையிலிருந்த புது ஸ்பேனர், நேராகப் போய் கியர் போல்ட்டைப் பிடித்தது.

“தம்பி, நீ தேடி வந்தவர் பக்கத்துல இருக்கார்” என்றது கியர் போல்ட்டு.

“எங்களுக்கே வழி சொல்றீங்களா? வீடியோ பார்த்துட்டுத்தான் வந்திருக்கோம்” என்று ஸ்பேனர் அதைக் கழற்றிவிட்டது.

ஒரு டம்ளர் அளவுக்குத் தெளிவான ஆயில், அடியில் வைத்திருந்த பேசினில் விழுந்தது. வீட்டுக்காரர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். “பார்த்தியா, நான் ஓட்டுற வண்டில ஆயில் கறுக்கவே இல்லை.”

போல்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, புது ஆயிலை இன்ஜினில் ஊற்றினார். ஏற்கெனவே நிறைந்திருந்த இன்ஜின் அதைத் தரையெல்லாம் துப்பியது.

“பாட்டில்ல அதிகமா அடைச்சிட்டான்” என்றார்.

இப்போது ஓடினால் ஆயில் இல்லாத கியர்ப் பற்கள் தேய்ந்தே போகும். ஸ்கூட்டர் மூச்சை அடக்கிக்கொண்டு, கிளம்பாமல் நின்றது. வீட்டுக்காரர் வேர்க்க வேர்க்க உதைத்துப் பார்த்தார்.

“வண்டிக்கு வயசாயிடுச்சு” என்று கடைசியில் மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கெட்ட பெயர் வந்தாலும் பல் தப்பியதே என்று ஸ்கூட்டர் நிம்மதியாக உருண்டது.

முன்பக்கம் தொங்கிய பையிலிருந்து ஸ்பேனர் எட்டிப் பார்த்தது. “கவலைப்படாதீங்க அண்ணே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரேக் ஆயிலையும் நாங்களே மாத்திடுறோம்.”

அதுவரை வாயே திறக்காத பிரேக், நடுத்தெருவில் இறுகப் பிடித்துக்கொண்டது.